பாண்டீஸ்வரிக்கு வராத காமாலை

1
இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்தவன் நான்தான். போடியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் கதாசிரியன். இரண்டிலும் எனக்குக் கை கூசியதில்லை.

முதல் தொடக்கம் இது: ‘ஏலம் மணக்கும் மலைச்சரிவில் மூடுபனி மெல்ல...’ வேண்டாம். மூடுபனிக்கு வழக்கில் பங்கில்லை.

2
சிலமலை பாண்டீஸ்வரி ஆவணியில் ஏலக்காய் எடுக்க மலையேறினாள். எஸ்டேட்டிலேயே தங்கல். தையில் இறங்கி வந்தபோது, அவளுடைய முக்கால் ஏக்கருக்குப் போகும் ஒரே பாதையை மறித்துக் கம்பிவேலி நின்றது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலுச்சாமி, தன் நிலத்தில் அவள் நடக்கக் கூடாதென்று வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார். வீட்டுக் கதவில் மழையில் ஊறிப்போன காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. அதுதான் சம்மன்.

[அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: வீட்டில் ஆளில்லாவிட்டால் கோர்ட் அமீனா சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். பிரதிவாதி வராவிட்டால், வழக்குப் போட்ட வாதி சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்பளிக்கலாம். பெயர், ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. காய் சீசனில் அந்தத் தெருவே பூட்டிக் கிடக்கும் என்பது வேலுச்சாமிக்கு நன்றாகத் தெரியும்.]

3
பாண்டீஸ்வரி எங்கள் வக்கீலிடம் வந்தாள். தீர்ப்பை ரத்து செய்ய ஒரு மனு, தாமதத்தை மன்னிக்க ஒரு மனு. தாமதத்துக்கு எங்கள் மேசையில் ஒரே காரணம்தான்: ‘மனுதாரர் மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாக...’ விரல் தானாக அடித்துவிட்டது. வாசித்துக் காட்டினேன். பாண்டீஸ்வரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“அண்ணே, பத்தொம்பது வருசமா மலையேறுறேன். ஒருநாள் படுத்ததில்ல. என்னைய எதுக்குச் சீக்காளி ஆக்குறீங்க? காய் எடுத்துக்கிட்டு இருந்தேன்னு எழுதுங்க.”

அது கோர்ட்டில் நிற்காது, பாதை போனால் நிலமும் போன மாதிரிதான் என்று பயங்காட்டினேன்.

“பொய்ச் சத்தியம் பண்ணி வாங்குன பாதையில என் காலு நடக்காதுண்ணே.”

(இங்கே எனக்கே அவள்மேல் சந்தேகம். இப்படி ஒருத்தியை வாசகர் நம்புவாரா? இந்தக் கதையின் ஒரு வரைவில் அவளைக் கையெழுத்துப் போடவும் வைத்தேன். ‘கூண்டில் ஏறிய பாண்டீஸ்வரி தலைகுனிந்து’ என்பதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. கிழித்துப் போட்டேன்.)

4
அவள் சொன்னபடியே மனு போனது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், தீபாவளிக்கு இறங்கி வந்து சம்மனைப் பார்த்திருப்பாயே என்று மடக்கினார்.

“காய் பழுத்தா வெடிச்சிரும். அது தீபாவளி பாக்காதுங்கய்யா. பதிவேட்டப் பாருங்க.”

எஸ்டேட் கங்காணி காமராஜ் வருகைப் பதிவேட்டோடு வந்திருந்தார். நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஆவணி முதல் தை வரை ஒருநாள்கூட விடுபடவில்லை. காமாலை என்று எழுதியிருந்தால் இதே பதிவேடு அவளைக் கவிழ்த்திருக்கும். தீர்ப்பு ரத்தானது, வழக்கு மறுபடி உயிர்பெற்றது. அவள் எனக்கு உறவில்லை, சாதிசனமில்லை. ஆனாலும் கூண்டில் அவள் நிமிர்ந்து நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு விம்மியது.

5
முடிவு ஒன்று: நெடுநாள் நடந்த பாதையில் அவளுக்குப் பாத்தியம் உண்டென்று தீர்ப்பாகிறது. முடிவு இரண்டு: சமரசம், வேலுச்சாமி வரப்போரமாக ஒற்றையடிப் பாதை விடுகிறார். முடிவு மூன்று: பாண்டீஸ்வரி தோற்று, மேல்முறையீட்டுக்கு...

எதையும் எழுத எனக்கு அதிகாரமில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது. வேண்டுமானால் முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதும் சிலமலைக்குப் போய் அவளிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள். ஒரு வார்த்தை பொய்யென்றாலும் கையெழுத்துப் போட மாட்டாள்.