பெடலை அமுக்க ஓர் ஆள்

சந்தை மேட்டிலிருந்து இறங்கி வரும்போதுதான் கண்ணாடிக்கடைக்காரருக்கு அந்த வாடை மூக்கில் ஏறியது. தீய்ந்த இரும்பின் வாடை. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தார். லாரி வளைந்து போன பிறகும் வாடை போகவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினால், முன்பக்க இடது சக்கரத்திலிருந்து மெல்லிசாகப் புகை. பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சுர்ரென்றது. வலது சக்கரத்தின் மேல் தாராளமாகக் கை வைக்க முடிந்தது.

அந்தக் கார் அவர் கல்யாணத்தைவிட மூத்தது. நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். எந்தப் பழுதையும் அவர் வெளியே கொடுத்ததில்லை. வாரமெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்கு, ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பது ஒரு விடுதலை.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். அரைச் சுற்றுக்கே திணறியது. பெடலில் யாரும் கால் வைக்காதபோதும் உள்ளேயிருக்கும் பிரேக் கட்டைகள் டிரம்மைக் கவ்விப் பிடித்திருந்தன. கட்டைதான் நெருக்கமாக இருக்கிறது என்று முதலில் எண்ணினார். சூடு ஆறியதும் டிரம்மைத் தட்டிக் கழற்றினார். உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்துகிடந்தது. கட்டையின் முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, தொய்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றி, இடைவெளியைத் தளர்த்தி மாட்டினார். சக்கரம் ஜோராகச் சுற்றியது. கடைத்தெருவரை ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். மறுபடியும் கொதித்தது.

அன்று இரவு மனைவி போனில் வந்தாள். மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போனவள் ஒரு வருஷத்துக்கு மேலாக அங்கேயே இருந்தாள். அவர் போனைச் சமையலறை ஜன்னலோரம் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"முன் சக்கரம் சூடாகுதும்மா. கட்டையெல்லாம் சரி பண்ணிட்டேன், அப்பவும்..."

"யாராவது மெக்கானிக்கிட்ட விடுங்களேன். இங்க பாருங்க, உங்க பேரன். தாத்தா பாரு, தாத்தா பாரு!"

திரையில் பேரனின் நெற்றி மட்டும் தெரிந்தது. அப்புறம் அவள் குரல் தணிந்தது. "ஒண்ணு சொல்லணும். இவ திரும்ப வேலைக்குப் போகணுமாம். பிள்ளைய யாரு பாக்குறது? இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வர்றேனே. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இதுல நினைக்க என்ன இருக்கு? இரு," என்றார்.

பேச்சு முடிந்தது. காரைப் பற்றிச் சொல்ல வந்ததில் பாதி அவர் வாயிலேயே நின்றுபோயிற்று. ஒரு தட்டு, ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தார். தூக்கம் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வேறு வழியில் தேடினார். காரைக் கொஞ்சம் ஓட்டி, சக்கரம் பிடித்துக்கொண்ட கையோடு தூக்கி நிறுத்தி, பிரேக் ஆயிலை வெளியேற்றும் சின்ன நட்டைத் திறந்தார். ஆயில் பீச்சியடித்தது. அந்த நிமிஷமே சக்கரம் விடுபட்டுச் சுற்றியது. ஆக, தப்பு கட்டையில் இல்லை. போன ஆயில் திரும்பி வரவில்லை. ஒரு சக்கரத்தில் மட்டும் இப்படி என்றால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்தான் காரணம். அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியதே தவிர, காற்று போகவில்லை. வெளியே பார்க்கப் புதுசுபோல இருந்தது, உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொண்டிருந்தது. பெடலை மிதிக்கிற வேகத்துக்கு ஆயில் எப்படியோ புகுந்துவிடும். திரும்பி வருவதற்குத்தான் வழியில்லை.

புது ஹோஸை மாட்டுவது சுலபம். குழாய்க்குள் புகுந்த காற்றை எடுப்பதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் நட்டைத் திறந்து மூட வேண்டும். அதன் பிறகே காலை எடுக்கலாம். இத்தனை வருஷமும் மடியில் வாரப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு பெடலை அமுக்கியவள் மனைவிதான். இப்போது அவர் ஒரு மரக்கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்துவிட்டு ஓடினார். கட்டை நழுவி, காற்று மறுபடி உள்ளே போனது. எத்தனை தடவை ஓடினாலும் அதே கதைதான்.

கடைசியில் மாடிப்படி ஏறினார். மேல்வீட்டில் ரிட்டயரான டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். எதிரே பார்த்தால் தலையசைப்பு, தண்ணீர் மோட்டார் பழுதானால் ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான் பழக்கம்.

"டீச்சர், ஒரு பத்து நிமிஷம் கார்ல வந்து உக்காரணும்."

"எங்க போறோம்?"

"எங்கயும் போகல. பிரேக்க அமுக்கணும்."

டீச்சர் சிரிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். எது பிரேக் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இவர் காருக்கு அடியில் போனார்.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சுக்குங்க... ம், விடுங்க."

ஆயில் குமிழியும் நுரையுமாக வந்தது. அமுக்குங்க, பிடிங்க, விடுங்க. பேச்சு ஒரு தாளத்துக்கு வந்துவிட்டது. குமிழி குறையக் குறைய அவருக்கு உற்சாகம் ஏறியது. "பிடி, பிடி... ஆங், இப்ப விடுடி!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. காருக்கு அடியில் அப்படியே கிடந்தார்.

"மெதுவா விடவா, சட்டுன்னு விடவா?" என்று கேட்டார் டீச்சர்.

"மெதுவா," என்றார்.

வேலை முடிந்து எழுந்தபோது அவரால் டீச்சர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீச்சர் கைக்குட்டையால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவங்க எப்ப வர்றாங்க?"

"அடுத்த மாசம்," என்று சொல்லிவிட்டார்.

சந்தை மேடு ஏறி இறங்கித் தனியாக ஓட்டிப் பார்த்தார். வாடை இல்லை. மேட்டின் அடியில் நிறுத்தி இடது சக்கரத்தைத் தொட்டார். வலதும் இடதும் ஒரே இளஞ்சூடு. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. போனை எடுத்தார், அங்கே விடிந்திருக்காது என்று திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டு வாசலில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். "சூடு?"

"இல்ல." கொஞ்சம் தயங்கினார். "அடுத்த மாசம்னு சொன்னேனே, அது சும்மா. இப்போதைக்கு அவ வரல."

"தெரியும். ஸ்பீக்கர்லதானே பேசுறீங்க? எனக்கு எல்லாம் கேக்கும்." டீச்சர் படியில் கால் வைத்தார். "இன்னொரு தடவை அமுக்க ஆள் வேணும்னா கூப்பிடுங்க."

"இனி ரெண்டு வருஷத்துக்கு வேலையே இருக்காது டீச்சர்," என்றார் பெருமையாக.

"அப்ப சரி," என்று டீச்சர் ஏறிப்போனார். மேலே கதவு சாத்திக்கொண்டது.

வேலையே இருக்காதென்று ஏன் சொன்னோம் என்று கை கழுவும்போதும், சாப்பிடும்போதும் நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டு, பழுதில்லாத வலது சக்கரத்துக்கும் ஒரு ஹோஸ் சொல்லிவைத்தார்.