மாராவின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

உற்றார், உறவினர், நண்பர்கள், இலக்கியப் பெருமக்கள் அனைவருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: இரண்டாயிரம் வருடத் தமிழில் முதல் தடவையாக ஒரு லத்வியக் கிழவிக்குக் கல்வெட்டு எழுதப்படவிருக்கிறது. இடம்: மொன்றியல், வில்லரே, ஒரு மூன்றடுக்கு வீட்டின் கீழ்த்தளம். எழுதுபவர் பேரின்பநாதன், வயது ஐம்பத்தேழு.

(கல்வெட்டு என்றதும் கல்லைத் தேடவேண்டாம். செத்தவரின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களிடம் நாங்கள் கொடுத்தனுப்பும் புத்தகம். அட்டையில் படம், உள்ளே வரலாறு, கடைசியில் நன்றி. வாசிப்பவர்கள் குறைவு, தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அதிகம்.)

1

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். யாரும் உள்ளொளி பெறவில்லை. பேரின்பநாதனின் அக்கா மகன் யதுர்ஷன் கட்டியது செலீனை. செலீனை வளர்த்தது அவளுடைய அம்மம்மா அக்னெஸ், பேரின்பநாதனின் மேல்வீட்டுக்காரி. போன மாதம், தொண்ணூற்றோராவது வயதில், நித்திரையிலேயே போய்விட்டார்.

"மாமா, அவவுக்கும் ஒரு கல்வெட்டு அடிக்கவேணும்," என்றான் யதுர்ஷன்.

"அவ கிறிஸ்தவமெல்லோ, லூதரன் வேதம்?"

"அதுக்கென்ன? எங்கட சனம் வரும். வெறுங்கையோட அனுப்பேலுமே?"

ஊரார் கல்வெட்டுகளை நக்கலடித்து எழுதியே பெயரெடுத்தவர் பேரின்பநாதன். அவரிடமே வந்து நின்றது வினை.

2

முதல் தொடக்கம்: 'பால்டிக் கடலின் பனிமூட்டத்திலே பூத்த வெண்தாமரையே…' கைவிடப்பட்டது. பால்டிக் கடலில் தாமரை இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'லத்வியா லியபாயாவைப் பிறப்பிடமாகவும், கனடா மொன்றியலை வசிப்பிடமாகவும் கொண்ட அக்னெஸ் அவர்கள் இறைபதம் எய்தினார். அன்னார் காலஞ்சென்ற பெற்றோரின் மூத்த மகளும், மாராவின் அன்புச் சகோதரியும்…'

இங்கே பேனா நின்றது.

எங்கள் வழக்கம் கண்டிப்பானது. செத்தவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' வந்தாக வேண்டும்; இருப்பவருக்கு வரவே கூடாது. தவறிப் போட்டால் அந்த ஆளே ரொறொன்ரோவிலிருந்து ரெலிபோன் கோல் எடுத்து ஏசுவார்.

மாரா எந்தப் பக்கம்?

3

செலீனைக் கேட்டார். அவளுடைய தமிழ் யதுர்ஷனிடம் பழகியது. இடையிடையே பிரெஞ்சு எட்டிப் பார்க்கும்.

"1944, மாமா. ரஷ்யப் படை வாற நேரம். அம்மம்மாவுக்குப் பத்து வயசு, மாராவுக்கு நாலு. மாராவுக்குக் காய்ச்சல். சித்தியோட விட்டிட்டுக் கப்பல் ஏறிட்டினம். அடுத்த கப்பலில வாறம் எண்டு சித்தி சொன்னவ."

"அடுத்த கப்பல்?"

"வரேல்ல."

"பிறகு தேடேல்லையோ?"

"நொன், மாமா. தேடினால் பதில் வந்திடும் எண்டுவா." செலீன் விரலில் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "அம்மம்மா நம்பினபடியே எழுதுங்கோ. மாரா இருக்கிறா எண்டு நம்பிக்கொண்டுதான் போனவவோ? எனக்கு அது ஒண்டுதான் தெரியவேணும்."

தமிழ்ச் சங்கம் எதுவும் அவரிடம் இவ்வளவு கடினமான கட்டுரை கேட்டதில்லை.

4

அப்போதுதான் துலிப் பூ ஞாபகம் வந்தது.

மார்ச் இருபத்தைந்து. வீதியோரப் பனி அழுக்குச் சீனியாய்க் கரையும் காலம். வெளிப்பக்கத்து இரும்புப் படிகளில் அக்னெஸ் ஒரு மஞ்சள் துலிப்போடு இறங்கி வருவார். சாம்பல் மேலங்கி சாம்பல் வெளிச்சத்தில் கரைந்துவிட, பூ மட்டும் தனியாக மிதந்து வருவதுபோல் இருக்கும். (இந்த உவமை இருந்துவிட்டுப் போகட்டும். கிழவிக்கு ஒன்றாவது வேண்டும்.) "ஒன்று கூடிப்போய்விட்டது," என்று பிரெஞ்சில் சொல்லி நீட்டுவார். பதினொரு வருடம். தன் எழுத்துக்கு அயலவர் செலுத்தும் காணிக்கை என்று பேரின்பநாதன் நினைத்திருந்தார். அக்னெஸுக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது என்பது அவருக்குத் தடையாக இல்லை.

"மாராவின்ர பெயர்நாள் அது," என்றாள் செலீன், அவர் திகதியைச் சொன்னதும். "லத்வியாவில ஒவ்வொரு பெயருக்கும் கலண்டரில ஒரு நாள் இருக்கு. உயிரோட இருக்கிறவைக்கு ஒற்றைப்படையிலதான் பூ வைக்கிறது. இரட்டைப்படை செத்தவைக்கு."

அக்னெஸ் பூ வாங்கும் மரியதாசனின் மூலைக் கடையில் கட்டுக்குப் பத்துப் பூ. ஒன்பது மாராவுக்கு. மிஞ்சியது இலக்கியத்துக்கு.

ஆனால் இந்த மார்ச்சில் பூ வரவில்லை. படியில் பனி வழிக்காத கோபம் என்று விட்டுவிட்டார். இப்போது எண்ணிப் பார்த்தார். பத்தையும் அக்னெஸ் மாராவுக்கே வைத்துவிட்டாரா?

செலீனிடம் அதைச் சொல்லவில்லை.

5

முடிவு அ: றீகாவிலிருந்து யாரோ எழுதிய கடிதம், தேடாமலே வந்த பதில். பத்துப் பூ.

முடிவு ஆ: தொண்ணூறு வயது, எண்ணிக்கை தவறியது, அவ்வளவுதான்.

முடிவு இ: லியபாயாவில், கடல் தெரியும் ஒரு சமையலறையில், எண்பத்தைந்து வயது மாரா தன் அக்காவின் பெயர்நாளுக்குப் பூ எண்ணுகிறாள். கையில் ஒன்று மிஞ்சுகிறது. கீழ்வீட்டில் யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கிறாள். ஜன்னலில் பனிமூட்டம், அதற்குள் ஒரு கப்பல்…

(இ மிக அழகாக இருக்கிறது. ஆகவே சந்தேகத்துக்குரியது.)

பேரின்பநாதன் கோழைகளுக்குரிய முடிவை எடுத்தார். மாராவின் பெயருக்கு முன்னால் ஒரு சொல் அளவுக்கு இடம் விட்டு அச்சுக்குக் கொடுத்தார். நூற்றைம்பது பிரதி. வாசகரே, பேனா உங்களுடையது.

6

முப்பத்தோராம் நாள் காலை. புத்தகங்கள் காரில். செத்தவருக்கு இரட்டைப்படை என்பதால் மூலைக் கடைக்குப் போனார்.

"மரியதாசன், ஒரு கட்டுத் துலிப் தாரும். பத்துப் பூ வேணும்."

"பத்தெண்டால் ரெண்டு கட்டு எடுக்கவேணும், அண்ணை," என்றான் மரியதாசன். "தை மாசம் தொடக்கம் கட்டுக்கு ஒன்பதுதான் வருது."