ஒரு முழத் துணி

றீற்றாவுக்குக் கோபம் வந்தால் வாயை மூடத் தெரியாது. அன்றைக்குக் கண்டி பொலிஸ் கோட்டிலும் அதுதான் நடந்தது.

அவள் கூண்டில் ஏறி நின்றது மகள் பெற்றீசியாவுக்காக. றீற்றாவின் புருஷன் வலன்ரைன் பேராதனை ஸ்டேஷனில் சாமான் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். பிள்ளையின் செலவுக்கு மாதம் ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நீதவான் போன வருஷமே கட்டளை போட்டிருந்தார். கொஞ்ச நாள் வந்தது. கிறிஸ்மசுக்குப் பிறகு நின்றுவிட்டது.

பெற்றீசியா கண்டியில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தாள். சாப்பாட்டுக் காசு கட்டாவிட்டால் இந்த மாதத்தோடு கூட்டிக்கொண்டு போகும்படி பெரிய மதர் சொல்லிவிட்டார். ஹேவாஹெட்டத் தோட்டத்துக் கூலி லயத்துக்குத் திரும்பினால் பிள்ளைக்குத் தேயிலை மலைதான். றீற்றாவும் அந்த வயதில் மலை ஏறியவள். தன் பிள்ளையின் விரல்களில் தேயிலைக் கறை ஏறக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் ஆசை.

வலன்ரைன் தலையைச் சீவி, கோட்டுப் போட்டு வந்திருந்தான்.

"கையிலதான் குடுத்தேங்க. மாசா மாசம் குடுத்தேன். புருஷன் பொஞ்சாதிக்குள்ள ரசீதா எழுதிக்கிறது?" என்றான்.

பின்னாலிருந்த வாங்கில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் றீற்றாவைக் கிளப்பிவிட்டது.

"குடுத்தியா? எந்தக் கையில குடுத்த? கிறிஸ்மசுக்குப் பொறகு ஒரு சல்லிக்காசு இல்லீங்க, ஒரு முழத் துணி இல்லீங்க! இந்த மனுஷன் கையால எம்புள்ளைக்கு ஒண்ணுமே வரல!"

தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்கிற யாழ்ப்பாணத்து முதலியார் அதை அப்படியே நீதவானுக்குச் சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டார். வலன்ரைனின் பக்கம் பேச வந்த பிறக்கிராசி எழுந்து, மெதுவாக என்னவோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"கேள் பிள்ளை," என்றார் முதலியார். "இப்ப நீ சொன்னாயே, அந்தச் சொல்லை அந்தோனியார் கோயிலிலை, உன்ரை மகளின்ரை தலையிலை கை வைச்சுச் சத்தியமாச் சொன்னால், நிலுவை முழுக்க இண்டைக்கே கட்டுறாராம். சொல்லாட்டில் வழக்குத் தள்ளுபடி. சம்மதமோ?"

சத்தியத்தில் வழக்கைத் தீர்ப்பது அப்போது கோட்டிலே நடக்கிற காரியந்தான். ஒரு பக்கம் கேட்டு மறு பக்கம் சம்மதித்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

"சம்மதம்! ஆயிரம் தரம் பண்றேன்!" என்றாள் றீற்றா. பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினாள்.

துணைக்கு வந்திருந்தவள் பக்கத்து லயத்து வடிவம்மா. அவள் போய்ப் பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றீசியாவைக் கூட்டிவந்தாள். முதலியாரும் வலன்ரைனும் முன்னே நடக்க, பெண்கள் பிள்ளையோடு பின்னே நடந்தார்கள். கொழும்பு வீதியில் ஹாஷிம் நானாவின் துணிக்கடை வாசலில் வெள்ளை மல் துணியை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் றீற்றாவின் கால் நின்றது.

இந்த ஈஸ்டருக்கு முந்தி பெற்றீசியாவுக்கு முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். அந்தப் பூசைக்கு வெள்ளை உடுப்பு வேண்டும். இரவல் கேட்டு றீற்றா அலைந்துகொண்டிருந்தபோது, வலன்ரைன் லயத்துக்கு வந்து, வாசலில் நின்றபடியே ஒரு பொட்டலத்தை வடிவம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குள் இதே மல் துணி இருந்தது. றீற்றா ராவும் பகலும் கையாலேயே தைத்துப் போட்டுவிட்டாள். எப்படி மறந்தாள்? மறக்கவில்லை. கோபத்தில் அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, அந்த வெள்ளைத் துணி..."

"எந்தத் துணி?"

"நன்மைக்குன்னு ஒங்க கையில குடுத்தாருல்ல."

வடிவம்மா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அடி கூறுகெட்டவளே, அதெல்லாம் ஒரு கணக்கா? துணி குடுத்தா அப்பனாயிருவானா? வாயத் தொறக்காத. போனமா, கைய வெச்சமா, காச வாங்குனமான்னு வா."

"புள்ள தலையில வெக்கணுமே."

வடிவம்மாவும் பிள்ளை பெற்றவள். பெற்றீசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காய்ச்சல் பரவி ஊரெங்கும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிருந்த காலம் அது. பெற்றீசியாவும் படுத்து, பிழைத்து எழுந்தவள். கன்னத்தில் இன்னும் சதை பிடிக்கவில்லை.

முதலியாரிடம் சொல்லிவிடலாம் என்று றீற்றா இரண்டெட்டு வேகமாக வைத்தாள். பிறகு பின்தங்கினாள். நீதவான் எழுதிய சொல் எழுதியதுதான், அதைப் பொய் என்று ஒத்துக்கொண்டால் மறியலில் அடைத்துவிடுவார்கள் என்று அவள் எண்ணினாள். மறியலுக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது?

கோயிலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. பெற்றீசியா தண்ணீர் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் முழந்தாளிட்டாள். என்னவோ செபம் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்துக் கையைக் கூப்பிக்கொண்டாள். றீற்றா தன் கையை அவள் தலையில் வைத்தாள். உச்சி வெதுவெதுப்பாக இருந்தது.

முதலியார் தாளைப் பிரித்தார். "நான் சொல்லச் சொல்லச் சொல்லு பிள்ளை. கிறிஸ்மசுக்குப் பிறகு இந்த வலன்ரைன் கையாலை..."

"கிறிஸ்மசுக்குப் பொறகு இந்த வலன்ரைன் கையால..."

"ஒரு சல்லிக்காசும்..."

"ஒரு சல்லிக்காசும்..."

"ஒரு முழத் துணியும்..."

றீற்றா அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். பெற்றீசியா கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"ஒரு முழத் துணியும்..." என்றார் முதலியார் மறுபடியும்.

கையை எடுத்துவிட்டாள்.

முதலியார் இன்னொரு தரம் கேட்டுப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். அவர் தாளில் என்னவோ குறித்துக்கொண்டார். வழக்கு முடிந்தது.

வெளியே வந்ததும் வலன்ரைன்தான் முதலில் வாயைத் திறந்தான். வென்றவன் முகமாக அது இல்லை.

"ஏன் றீற்றா சொல்லல? நான் காசு குடுக்கலங்கிறது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ சொல்லிருவேன்னு பயந்துக்கிட்டு நின்னேன்."

"நன்மைக்கு வெள்ளைத் துணி குடுத்தீங்கல்ல."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. "அதுவா? அது ஹாஷிம் நானா கடையில கடனுக்கு எடுத்தது. இன்னும் நான் கட்டல."

"தூ!" என்றாள் வடிவம்மா. "கடன் துணியக் குடுத்து வழக்க ஜெயிச்ச ஆம்பள நீ ஒருத்தன்தான்யா."

முதலியார் குடையை விரிக்கப் போனவர் நின்றுவிட்டார். "துணி ஒண்டு தந்தவரோ? அதை வழியிலை சொல்லியிருந்தால் நீதவான் துரையிட்டைப் போய் அந்தச் சொல்லை வெட்டுவிச்சிருப்பமே, பிள்ளை. காசுதானே வழக்கு. ஏன் சொல்லேல்லை?"

றீற்றா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்டலாமா? எழுதிய சொல்லை வெட்டலாம் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை. கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, மூட வேண்டிய இடத்தில் கத்தியிருக்கிறாள்.

"இனி ஏலாதுங்களா?"

"இனி ஏலாது," என்றார் முதலியார். அவருக்கும் வருத்தந்தான்.

வலன்ரைன் பிள்ளையின் பக்கம் ஓரடி வைத்தான். "சம்பளம் வந்ததும் பாத்து ஏதாச்சும் குடுக்கிறேன்," என்றான்.

"குடுத்தா ரசீதோட குடுங்க," என்றாள் றீற்றா.

அவன் கொடுக்கவில்லை. மாத முடிவில் பெற்றீசியாவின் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தாயும் மகளும் ஹேவாஹெட்டைக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் பிள்ளை பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுகளைப் பாடிக்கொண்டே வந்தாள். லீவு என்றுதான் றீற்றா அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடி நின்றார்கள். பெற்றீசியாவின் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டினாள் றீற்றா. சாக்கு பெரிது, இரண்டாக மடிக்க வேண்டியிருந்தது. பத்து வயது ஆகாத பிள்ளைக்கு மலையில் பேர் போடக்கூடாது என்று சட்டம். பெற்றீசியாவுக்கு ஒன்பதுதான் முடிந்திருந்தது.

கணக்கப்பிள்ளை செல்லச்சாமி பேர் எழுதும் செக்ரோலைத் திறந்துகொண்டு பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "நோஞ்சானா இருக்கே. அரைச் சம்பளத்துக்கு அரைப்பேருதான் போடலாம். வயசு என்ன?"

"பத்து முடிஞ்சிருச்சுங்க," என்றாள் றீற்றா.

சொல்லும்போது அவள் நாக்குத் தடுமாறவேயில்லை.