மறிப்பார் இல்லாத மன்னன்

பச்சைமலை தன்மேல் போர்த்திருந்த பனிப்படாத்தை மெல்ல உதறி எழ, அதன் கீழ்த்திசைச் சரிவினின்று இறங்கிய இளங்காற்று, கதிர் முற்றிக் காய்ந்து நின்ற மக்காச்சோளத் தட்டைகளைச் சலசலக்கச் செய்து, வெடித்துச் சிரித்த பருத்திக் காய்களின் வெண்மையைத் தடவி, களத்துமேட்டில் தாள் உலரப் பரப்பியிருந்த சின்ன வெங்காயத்தின் கார மணத்தையும் அள்ளிக்கொண்டு, அரும்பாவூருக்கும் வேப்பந்தட்டைக்கும் நடுவே, நாட்டுப்படத்தில் ஒரு புள்ளியாகும் பேறும் வாய்க்காத ஓடைக்கரைப்பட்டி என்னும் சிற்றூரின் தெருக்களில் புகுந்த தைத்திங்கள் விடியற்பொழுதில், அவ்வூர் மக்கள் ஐம்பத்து மூவர், செல்லியம்மன் கோயில் முன்றிலில் எரியும் சூடத்தைச் சுற்றி நின்று, ‘ஆட்டம் முடியும் வரை வாய் திறக்க மாட்டோம்’ என்று சூளுரைத்துக்கொண்டிருந்தனர். ஓடைக்கரைப்பட்டியார் வாய் திறவாமைக்குச் சூளுரைப்பது, மீன்கள் கூடி இனி நீந்துவதில்லை என்று முடிவெடுப்பதை ஒக்கும் என்பதை, அவ்வூர் வழியே ஒருமுறை நடந்து போனவரும் அறிவர்.

அச்சூளுரையை வாங்கிக்கொண்டு, நெஞ்சு நிமிர்ந்து நின்றவன் உத்திராபதி. பெரம்பலூரில் நீரிறைக்கும் பொறிகளுக்குச் செப்புக்கம்பி சுற்றித் தரும் கடை வைத்திருப்பவன். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் அரசன். ஊர்க்கூத்தில் பதினோராண்டுகளாக வேந்தன் வேடம் புனைந்து வருபவன் ஆதலின், தேநீர்க் கடையில் குவளையை வாங்கும்போதும் செங்கோலைப் பெறுவான் போலக் கையை நீட்டுவான் என்று ஊரார் சொல்வர், நாமும் கண்டிருக்கிறோம். அவனுக்கு ஒரு மனக்குறை உண்டு. பதினோராண்டில் ஒருமுறையேனும் தன் அரசாட்சியை இறுதிவரை நடத்த ஊர் அவனை விட்டதில்லை.

அதற்குக் காரணம் அவ்வூரின் வழக்கம். அறுபது ஆண்டுகளுக்கு முன், கையகல நிலமும் இன்றிப் பிறர் கழனியில் உழைத்தோர், கூத்து நடக்கும் களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்றே காண வேண்டும் என்பது முறையாயிருந்தது. அப்படி நின்றவருள் நடவுக்காரி ஒருத்தி, ஏரி வற்றிய காலத்தில் எஞ்சிய நீரை அரசன் தன் பூங்காவுக்குத் திருப்பும் காட்சியைக் கண்டு பொறுக்கமாட்டாதவளாய், கயிற்றைத் தாண்டி, களத்தின் நடுவே போய் நின்று, ‘எங்க நாத்துக்கு என்ன வழி?’ என்று கேட்டுவிட்டாள். அரசனாக நின்றவனுக்கு விடை தெரியவில்லை. தலையிலிருந்த முடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டான். அன்று அறுந்த கயிற்றை மறுபடி எவரும் கட்டவில்லை. அதுமுதல், ஆட்டத்தின் நடுவே எவர் வேண்டுமாயினும் தோளிலிருக்கும் துண்டைக் களத்தில் வீசி மறிக்கலாம். வேடம் புனைந்தவர் விடை சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் முடியை மறித்தவரிடம் தந்துவிட்டு இறங்க வேண்டும். முடி சூடியவரையும் மறிக்கலாம். உழுதவர் பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும் செவிலியராகவும் ஊர்தி ஓட்டுநராகவும் பரந்துவிட்டனர்; ஆயினும் கூத்தன்று எங்கிருந்தாலும் வந்துவிடுவர், அரசனை மறிக்க. அவர்களுள் தலையாயவள் உத்திராபதியின் மனைவி பொன்னாயி. வீட்டில் அவனை மறித்துப் பழகிய கை ஆதலின், களத்திலும் அது தவறுவதில்லை.

இந்நிலையில்தான் அரியலூரில் நடக்கவிருக்கும் பன்னாட்டு மக்கள் அரங்க விழாவிற்கு வருமாறு ஓடைக்கரைப்பட்டிக் குழுவுக்கு அழைப்பு வந்தது. சிறந்த குழு கடல் கடந்த பெருநகர் ஒன்றில் ஆடும் வாய்ப்பைப் பெறும் என்றும், நாற்பது மணித்துளிக்குள் முடிக்க வேண்டும் என்றும், இடையூறு எதுவும் கூடாது என்றும் விழா ஒருங்கிணைப்பாளர் முத்தமிழ்செல்வன் எழுதியிருந்தார். இறுதி வரியைப் படித்தபோது உத்திராபதியின் முகம் ஆயிரம் விளக்கேற்றியதுபோல் ஒளிர்ந்தது. அன்று மாலையே அவன் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை வாங்கிவந்து பரண்மேல் ஒளித்துவைத்ததும், மறுநாள் அது ஊர் முழுதும் தெரிந்துபோனதும் தனிக்கதை.

சூடம் அணைந்ததும் பொன்னாயி அவனருகே வந்தாள்.

“ஏங்க, யாருமே மறிக்கலைன்னா அப்புறம் என்ன பண்ணுவீங்க?”

“கை தட்டுவாங்க.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறமும் தட்டுவாங்க. பேசாம பஸ்ல ஏறு.”

அவள் கேட்டது என்ன என்பதை அவன் அப்போது உணர்ந்திருந்தால், இக்கதைக்கே வேலை இருந்திராது.

பெரம்பலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் ஏற்றிய பார ஊர்திகள் வெண்புழுதி கிளப்பிச் செல்லும் நெடுவழியே பேருந்து அரியலூரை அடைந்தபோது, விழா அரங்கின் வாயிலில் வண்ணத்தாள்கள் பல தொங்கின. யவனர் மலைச்சரிவைக் குடைந்து ஊர் முழுதும் அமர்ந்து காண இடம் சமைத்ததும், சப்பானிய உழவர் நாற்று நடும் திருநாளில் தாமே ஆடிப் பாடியதும், தென்னமெரிக்கர் காண்போரையே எழுப்பி மேடையேற்றியதும் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. நம்மவர் வாழையிலையில் இட்டலியை ஏந்தியபடி அவற்றையெல்லாம் படித்தனர். கருத்துச் சொல்ல நா துடித்தும், அம்மன் முன் சொன்ன சொல் நெஞ்சில் நிற்க, மென்று விழுங்கினர். உள்ளே முன்வரிசையில், பிரேசில் நாட்டிலிருந்து வந்த குழுவினர் எழுவர், மொழிபெயர்க்க அமர்த்தப்பட்ட மஞ்சு என்னும் கல்லூரி மாணவியைச் சூழ்ந்து அமர்ந்திருந்தனர். பின்னே அரியலூரின் கற்றோரும் மற்றோரும் நிறைந்திருந்தனர்.

முற்பகல் பதினொரு மணிக்கு ஆட்டம் தொடங்கிற்று. உத்திராபதி அன்று நடந்த நடை, கோடையிடி போன்ற குரல், கண்ணை உருட்டிய உருட்டு, எல்லாம் அவன் வாழ்நாளிலேயே சிறந்தவை. ஏரி வற்றியது, குடிகள் அழுதனர், கூத்தை நடத்தும் காசிநாதனே அமைச்சனாக வந்து அறிவுரை சொன்னார். வேந்தன் அதைக் காலால் தள்ளுவான்போல் மேடையை உதைத்து, முன்னே வந்து முழங்கினான்:

“திறவுங்கள் மதகை! முதல் நீர் என் பூங்காவுக்கே! எஞ்சினால் குடிகளுக்கு!”

ஊரில் இச்சொல் வாயைவிட்டு நீங்குமுன் பத்துத் துண்டுகளேனும் பறந்து வரும். இங்கே ஒரு துண்டும் அசையவில்லை. பிறகு அரங்கம் அதிரக் கைதட்டல் எழுந்தது. அரியலூரார் பண்புடையவர், நல்ல தமிழையும் நல்ல குரலையும் பாராட்டத் தெரிந்தவர். உத்திராபதி மகிழ்ந்து நின்றான், கைதட்டல் ஓய்ந்தது, அவன் இன்னும் நின்றான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: இதன்பின் என்ன பேச வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு மட்டுமன்று, எவருக்கும் தெரியாது. காசிநாதனிடம் வழிவழியாக வந்த கூத்துக் குறிப்பேட்டில் இறுதி ஐந்து பக்கங்கள் இருந்தனவாம். அறுபது ஆண்டாகக் கூத்து அந்த இடத்தைத் தாண்டாமல் மறிப்பவரின் வாய்வழியே வேறு வேறு முடிவுகளுக்கு ஓடிவிடுவதால், அப்பக்கங்களை எவரும் திறந்ததில்லை. அரியலூருக்கென்று மூன்று வாரம் ஒத்திகை பார்த்தபோதும், இந்த இடம் வந்ததும், ‘சரி, இங்க மறிப்பாங்க’ என்று சொல்லிப் பழக்கத்தின் கைபிடித்தே தேநீர் குடிக்கப் போயிருந்தனர். இருபத்தைந்து மணித்துளி ஆட்டம், பதினைந்து மணித்துளி மறிப்பு என்று நாற்பதும் கணக்காகச் சரியாயிருந்தது. மறிக்க வேண்டியவர்களிடம்தான் விடியலில் சூடம் ஏற்றிச் சொல் வாங்கியாயிற்று!

“திரும்பச் சொல்லு,” என்றார் காசிநாதன் பல்லிடுக்கில்.

சொன்னான். கைதட்டினர். மூன்றாம் முறை, குரல் உடையச் சொன்னான். முன்னிலும் மிகுதியாகத் தட்டினர். ஊரார் நீரைக் களவாடும் ஒருவனை ஓர் அவையே கொண்டாடும் ஓசை, பாராட்டாகத் தொடங்கி, அவன் செவியில் ஆலங்கட்டி மழையாக விழுந்தது. பதினோராண்டுகளாகத் தான் வேண்டி நின்ற அந்த மறிப்பில்லா அரசாட்சி இதுதானா? கண்ணெட்டும் மட்டும் ஒரு கை தடுக்காத இவ்வெளியா? அவன் பொன்னாயியைத் தேடினான். ஐந்தாம் வரிசையில், முந்தானையை வாய்க்குள் திணித்து, இரு கைகளின்மேலும் தானே அமர்ந்து, கண்கள் பிதுங்க இருந்தாள். மேடையோரத்தில் முத்தமிழ்செல்வன் கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

கனவை நோக்குவதா, கண்முன் நடப்பதை நோக்குவதா என்று அவன் நெஞ்சு ஒருகணம் ஊசலாடியது. பிறகு, செங்கோலைக் கீழே வைத்தான்.

“யாராச்சும் மறிங்கய்யா!” என்றான் அரசன். “எங்க ஊர்ல இந்நேரம் என்னக் கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பாங்க. ஒரு துண்டு வீசினா போதும், மேல வந்து கேக்கலாம். ஓடக்கரப்பட்டிக்காரங்களே, உங்கள நான் விடுவிச்சுட்டேன், வாங்க!”

ஐம்பத்து மூன்று தலைகள் ஒருசேர இடமும் வலமும் ஆடின. அம்மனிடம் சொன்ன சொல்லை அவிழ்க்க இவன் யார்?

அரங்கம் திகைத்தது. பின்வாயிலில் ஒரு சலசலப்பு. விழாவுக்கு உணவு சமைக்க வந்திருந்த பாப்பாத்தி, குழம்புக் கரண்டியோடு எட்டிப்பார்த்து நின்றவள், கரண்டியை அருகிருந்தவர் மடியில் வைத்துவிட்டு, தோளில் கிடந்த கைத்துண்டை மேடைநோக்கி எறிந்தாள். அது பாதி வழியில் ஒரு பேராசிரியர் தலையில் விழுந்தது. அவள் அதைப் பொருட்படுத்தாமல் மேடையேறினாள்.

“ஏ ராசா, அந்தத் தோட்டத்துல என்ன வச்சிருக்க?”

உத்திராபதிக்கு உயிர் வந்தது. “மல்லிகையும் மாதுளையும் வளர்க்கின்றோம்!”

“மல்லியத் தாளிச்சா திம்ப?”

“அது நம் மனத்தைக் குளிர்விக்கும்!”

“மனசு குளுந்தா வயிறு ரொம்பிடுமா? காலையிலேருந்து இருநூறு பேத்துக்கு வடிச்சுக் கொட்டியிருக்கேன். அரிசி என்ன ஒன் பூங்காவுலேருந்தா வந்துச்சு? எவனோ கடமடையில கெடந்து, ராவும் பகலும் தண்ணிக்குக் காத்து வெளைய வச்சது. அவனுக்கு மிச்சம் மீதியா?”

பொன்னாயியின் கேள்விகளுக்கென்று பதினோராண்டாகத் திரட்டிவைத்த விடைகளில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. அவன் பெருமூச்சு விட்டான். அதில் துன்பம் துளியும் இல்லை. முடியைக் கழற்றி நீட்டினான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிச் சூடி, “கடமடைக்கு மொதத் தண்ணி, அப்புறந்தான் தலமடை,” என்று ஆணையிட்டாள். அரங்கம் ஆர்ப்பரித்தது.

அப்போது, முடியிழந்து கீழே இறங்கியிருந்த உத்திராபதி செய்த செயலை அவனே எதிர்பார்க்கவில்லை. பதினோராண்டும் மறிக்கப்பட்டவன், வாழ்வில் முதன்முறையாகத் தன் மேலாடையை உருவி மேடைமீது வீசினான்.

“நிறுத்துங்க ராணி! தலமடையில நாத்து காயுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

“அட, இப்பத்தானய்யா ராசாவா இருந்த, அதுக்குள்ள வாய் வந்துருச்சே!”

சிரிப்பு ஓயுமுன் மாடத்திலிருந்து ஒரு துண்டு பறந்தது, பிறகு கைக்குட்டை, பிறகு அந்தப் பேராசிரியரே எழுந்து, தம் தலையில் விழுந்த துண்டை முறைப்படி மீண்டும் வீசினார். சுண்ணாம்புக்கல் ஊர்தி ஓட்டுநரும், பள்ளி ஆசிரியையும், ஓய்வுபெற்ற வட்டாட்சியரும் ஒருவர் முடியை ஒருவர் வாங்கிச் சூடி, ஒருவர் நீதியை ஒருவர் திருத்தி, ஏரிநீரை மதகு மதகாகப் பங்கிட்டு முடித்தபோது இரண்டரை மணிநேரம் கடந்திருந்தது, சோறு ஆறிப்போயிருந்தது, பசித்தவர் எவரையும் காணவில்லை.

ஆட்டம் முடிந்தது என்று காசிநாதன் சொன்னதுதான் தாமதம், ஐம்பத்து மூன்று வாய்களும் ஒருங்கே திறந்தன. கரை உடைந்த ஏரி என்பதன் பொருளை அரியலூர் அன்று கண்டது.

அந்த இரைச்சலை விலக்கிக்கொண்டு, பிரேசில் குழுவின் தலைவி, நரைத்த சுருள்முடியாள், பொன்னாயியிடம் வந்தாள். மஞ்சு மொழிபெயர்த்தாள்: “அக்கா, பாக்க வந்தவங்கள எந்திரிக்க வைக்க அவங்க நாட்டுல பல வருசம் பாடுபட்டாங்களாம். உங்களுக்கு இத யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேக்கறாங்க.”

“யாரும் சொல்லிக் குடுக்கல. பொறுக்க முடியல, எந்திரிச்சோம்னு சொல்லு.”

மொழிபெயர்ப்பைக் கேட்ட தலைவி, பொன்னாயியின் கைகளை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவர்கள் நாட்டிலும் அப்படித்தான் தொடங்கியதோ என்னவோ, நமக்குத் தெரியாது. ஆனால் அக்கண்கள் ஈரமாக இருந்தன என்பது தெரியும்.

முத்தமிழ்செல்வன் உத்திராபதியைத் தனியே அழைத்தார்.

“மொதல் இருபத்தஞ்சு நிமிஷம் பிரமாதம். தேர்வுக் குழுவுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அந்தக் கடைசிப் பக்கங்கள மனப்பாடம் பண்ணி, நாப்பது நிமிஷத்துல அலுங்காம முடிச்சுக் குடுங்க. பாஸ்போர்ட் வேலையெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

பரண்மேல் காத்திருக்கும் பெட்டியும், முகில்களின்மேல் மிதக்கும் வானூர்தியும் உத்திராபதியின் கண்ணில் ஒருமுறை தோன்றி மறைந்தன.

“அங்க நான் தண்ணியத் திருடுவேன், அவங்க கை தட்டுவாங்க. அப்படித்தானுங்களே?”

“பின்ன? கலைக்குத் தர்ற மரியாதை அது.”

“வேணாங்க,” என்றான் உத்திராபதி. “இன்னிக்கு மூணு வாட்டி தட்டினாங்க, ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. மறிக்கிற சனம் அங்க இருக்குன்னா சொல்லியனுப்புங்க. நடந்துகூட வரேன்.”

பிற்பகல் வெயிலில் பேருந்து மேற்கு நோக்கித் திரும்பியது. கடைமடைக்கு முதல் நீர் என்ற தீர்ப்பு சரியா தவறா என்று உள்ளே மூண்ட போரில் ஐம்பத்து மூவரும் உத்திராபதிக்கு எதிரணியில் நின்றனர். அவனோ, விடை சொல்லும் கடமையை முடியோடு கழற்றி வைத்தவனாய், மணம் முடித்து வரும் மாப்பிள்ளை போல் நடு இருக்கையில் வீற்றிருந்தான். வானூர்தி ஏறியவர் நாட்டில் பலர். அரங்கு நிறைந்த கைதட்டலை வாங்கியவரும் பலர். கைதட்டலைக் கையெடுத்து விலக்கி, தன்னைத் தடுக்கும் ஒரு குரலை வேண்டி இரந்து நின்ற வேந்தன், நாம் அறிந்தவரை, ஓடைக்கரைப்பட்டியின் இந்தச் செப்புக்கம்பிக்காரன் ஒருவனே. ஆள்வோன் சொல்லுக்கு எதிர்ச்சொல் எழும் ஊரில் பிறப்பதினும் பெரிய பேறு வேறில்லை என்பதை, அவன் வாய்விட்டு ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆயினும் அடுத்த தையில் அவன் முடி சூடி முன்வந்து நின்று, முதல் நீர் எனக்கே என்று முழங்கிய பின், மூச்சைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை நோக்கும் அந்தக் கண்களில், அது எழுதியே இருக்கும்.