பெரியவள் மூட்டை கட்டிய வீடியோ

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பார்லரில் புருவம் திருத்திக்கொள்ள உட்காருகிறவர்களுக்கு வலி தெரியக் கூடாதென்று, ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே நூலை ஓட்டுவேன். அன்றைக்கு என் வாய்க்குக் கிடைத்தவள் என் பெரியவள்.

போன வருஷம் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததிலிருந்து, வானம் லேசாகக் கறுத்தால் போதும், இந்த ஏழு வயதுக்காரி மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவாள். யூனிஃபார்ம், தம்பியின் பால்புட்டி, அப்பாவின் மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் பள்ளிப் பையில் திணித்து, நாற்காலியில் ஏறி அலமாரி உச்சியில் வைப்பாள். நான் அதை வீடியோ எடுத்தேன்.

"மேடம், எங்க கிளம்பிட்டீங்க?"

"தண்ணி வரும்மா. பூமி சூடாகுதாம், இனிமே அடிக்கடி வருமாம். டீச்சர் சொன்னாங்க."

"அடடா, பூமிக்குக் காய்ச்சலா! ஒரு மாத்திரை குடுத்தா சரியாப் போச்சு!"

குடும்ப குரூப்பில் போட்டேன். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாளாம். கொழுந்தன் ஸ்டேட்டஸில் வைத்தான். பார்லரில் ஒரு பக்கப் புருவம் முடிந்து உட்கார்ந்திருந்த பெண்ணிடமும் பெருமையாக நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"பாப்பா கை ஏன்க்கா இப்படி நடுங்குது?"

வாங்கிப் பார்த்தேன். பையின் ஜிப்பைப் பிடிக்க முடியாமல் அந்தக் குட்டி விரல்கள் வழுக்கி வழுக்கிப் போயின. எத்தனை தடவை பார்த்திருப்பேன், அந்தக் கை என் கண்ணில் படவே இல்லையே! இன்னொரு புருவத்தை வாயே திறக்காமல் முடித்தேன். எதிரே கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

குரூப்பில் அழித்தேன். கொழுந்தனையும் அழிக்கச் சொன்னால், "விளையாட்டுக்குத்தானே அண்ணி" என்றான். ஆரம்பித்து வைத்தவள் நான், அவனை என்ன சொல்ல? அதற்குள் அது பள்ளி வரைக்கும் போய், "வெள்ளம் வருது, ஓடு ஓடு" என்று வகுப்பே அவளைக் கேலி செய்கிறதாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையிடம் அதை எப்படி ஆரம்பிப்பது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அவளோ மாறிவிட்டாள். மேகம் கூடினாலும் பையைத் தொடுவதில்லை. பயம் தெளிந்துவிட்டது, இனி அதைக் கிளறுவானேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழைக்காலமே இல்லை, ஆனாலும் கொட்டித் தீர்த்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். நான் முன்னறையில் நாத்தனாரோடு போனில் வம்பளந்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் பின்னறையில் இருந்தார்கள். அந்த அறை ஒரு படி இறக்கம். சின்னவன் தரையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான்.

துண்டு எடுக்கலாம் என்று பின்னறையில் கால் வைத்தேன். கணுக்கால் அளவு தண்ணீர். குளியலறைச் சாக்கடை வழியாக ஏறியிருக்கிறது. பாய் மிதந்தது. பாயில் பிள்ளையைக் காணோம்.

"ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

கட்டில் மூலையில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். தம்பியைத் தூக்கி மடியில் போட்டு இறுக்கிப் பிடித்திருந்தாள். அவன் அப்போதும் தூக்கம் கலையவில்லை. அவள் பாவாடை ஈரமாகிக் காலோடு ஒட்டியிருந்தது. பல் பதிந்த கீழுதட்டில் ரத்தம் கசிந்தது.

"ஏன்டி, ஒரு குரல் குடுக்கக் கூடாதா? அம்மா பக்கத்துலதானே இருந்தேன்!"

"கூப்பிட வந்தேம்மா. நீ கையில போன் வச்சிருந்தே."

போன் இன்னும் என் கையில்தான் இருந்தது. நாத்தனார் அதற்குள்ளிருந்து "என்னாச்சு, என்னாச்சு" என்று கத்திக்கொண்டிருந்தாள். அதைக் கட்டிலில் வீசிவிட்டு இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

"தப்பு என் மேலதான்டி தங்கம். உன்னைப் பார்த்து நான் சிரிச்சிருக்கவே கூடாது. அம்மாவை மன்னிச்சிடு."

அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். என் உதட்டில் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினாள்.

"இப்ப அழலாமாம்மா?" என்று கேட்டாள்.