சுவருக்கு அப்பால் ஓர் இருமல்

சுலக்ஷனா வட்டவளை நகரிற் புடைவைக்கடையொன்றில் வேலை செய்பவள். காலையில் பொட்டு வைக்கும் முன்னர் கண்ணாடியெதிரே நின்று, முன்னந்தலையை விரலால் அழுத்திப் பார்ப்பது அவள் வழக்கம். தேயிலைக் கொழுந்துக் கூடையை அவள் ஒரு நாளும் சுமந்தவள் அல்லள். ஆயினும், தாய் மனோரஞ்சிதத்தின் தலையிற் கூடைக் கயிறு பதித்த பள்ளம் தன் தலையிலும் மெல்ல இறங்குவதாக அவளுக்கு ஓர் அச்சம். சில நாட்களிற் கண்ணாடிக்குள்ளிருந்து தாயின் ஒட்டிய கன்னமே அவளை உற்றுப் பார்க்கும்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கப் பீலியடியிற் கூடினால் இதுவே பேச்சு. நரை, சுருக்கம், கூன், இருமல் யாவும் தாயின் இரத்தத்தோடு வருவன என்று, கைத்தொலைபேசியிற் கண்டதையும் காதிற் கேட்டதையும் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். பையன்களும் அப்படியே. பெண் பார்க்க வரவிருந்த ராகலை ஊர் நிரோஷன் தொலைபேசியிற் சுலக்ஷனாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அம்மாவப் பார்த்தா போதுமாம், பொண்ணு பின்னாடி எப்படி ஆகும்னு தெரிஞ்சிருமாம். எங்க பசங்க சொல்றானுங்க."

அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தோழி வினோதாதான் வழி சொன்னாள்.

"கொழும்புல இருந்து ஒங்க சித்தி வர்றாங்கதானே? அவங்கள அம்மான்னு உட்கார வை. உண்மைய கல்யாணத்துக்குப் பொறகு சொல்லிக்கலாம். ஒங்கம்மா வந்து நின்னா, மாப்பிள தேத்தண்ணி குடிக்காமலே பஸ் ஏறிருவாரு, புள்ள!"

தந்தை கந்தப்பன் தயங்கினார். மனோரஞ்சிதம் தயங்கவில்லை. தன் நல்ல சேலையைத் தங்கைக்கு எடுத்துக் கொடுத்தாள்.

"நான் பக்கத்துக் காம்பராவுல, செவத்துக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிறேன். புள்ளைக்கு நல்லது நடந்தா சரி."

பெண் பார்க்க வந்தவர்கள் அமர்ந்தார்கள். நிரோஷனின் தாய், சித்தியின் கன்னத்தையும் கருங்கூந்தலையும் அளந்து பார்த்து நிறைவு கொண்டாள்.

"அத்தைய பார்த்தா அக்கா மாதிரி இருக்காங்க!" என்றான் நிரோஷன். எல்லோரும் சிரித்தனர்.

அப்போது சுவருக்கு அப்பால் இருமல் எழுந்தது. வாயைத் துணியாற் பொத்திக்கொண்டு இருமும் இருமல். அடங்கியது, மறுபடியும் எழுந்தது.

"யாருங்க அது? சீக்காளியா?" என்று கேட்டாள் நிரோஷனின் தாய்.

"பக்கத்து வீட்டுக் கெழவிங்க," என்றார் கந்தப்பன், நிலத்தைப் பார்த்தபடி.

தேநீர்த் தட்டை ஏந்தி நின்ற சுலக்ஷனா சித்தியைப் பார்த்தாள். அம்மாவை விட இரண்டே வயது இளையவள். அதே வயிறு, அதே இரத்தம். ஒருத்தி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள், மற்றவள் போகவில்லை. அவ்வளவே. இரத்தத்தின் மீது பழி போட்டு, உயிரோடிருக்கும் ஒருத்தியை ஆவியைப் போலச் சுவருக்குள் அடைத்துவிட்டோமே என்று அவளுக்குப் பட்டது.

தட்டை மேசையில் வைத்தாள்.

"அது கெழவி இல்லீங்க, எங்கம்மா. இவங்க என் சித்தி."

சித்தி தலை கவிழ்ந்தாள்.

"நான் போயி அம்மாவ கூட்டிட்டு வர்றேன்," என்றாள் சுலக்ஷனா, குரலை உயர்த்தாமல். "அவங்க வந்து உட்கார்ந்த பொறகுதான் தேத்தண்ணி குடுப்பேன். இருக்குறதும் போறதும் உங்க இஷ்டம்."