மூடிக்குள் பிதுங்கிய பேஸ்ட்

இன்ஜின் மூடியில் ஆயில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டுக்கு மேல் பேஸ்ட்டும் தடவலாமா கூடாதா என்பதில் அவள் கணவனுக்கும் அவள் தம்பிக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. பைக் பட்டறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து இன்ஜினைப் பிரிப்பார்கள். முன்பக்கம் உதிரிபாகம் விற்கும் அவளுக்குப் பொழுது போவதே அந்தச் சண்டையில்தான்.

"மூடி உக்கார்ற இடம் சுத்தமா இருந்தா வெறும் கேஸ்கட்டே போதும் மாப்ள. பேஸ்ட் தடவுறது சோம்பேறி வேலை."

"எல்லாம் பழைய வண்டி மாமா. கீறல் இல்லாத மூடி எங்க இருக்கு? லேசா ஒரு பூச்சு பூசினா உங்க மானம் கப்பலேறிடுமா?"

பிறகு ஒரே டம்ளர் டீயைப் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள்.

அங்கே பழுது பார்த்துக் கொண்டுபோன தையல்காரர் ஒருவரின் வண்டி மினி லாரியில் வந்து இறங்கிய அன்று யாரும் டீ குடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நடுரோட்டில் இறுகிப்போய், பின்சக்கரம் சுழலாமல் நின்று தூக்கியெறிந்ததில் அவருக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. அவருடைய அண்ணன் பக்கத்திலேயே நின்று பிரிக்கச் சொன்னார். கிளட்ச் மூடியைக் கழற்றினால், ஓரமெல்லாம் பேஸ்ட் உள்பக்கமாகப் புழு மாதிரி பிதுங்கியிருந்தது. பிய்ந்து விழுந்த துண்டுகள் ஆயில் சல்லடையை அடைத்திருந்தன. ஆயில் மேலே ஏறாமல்தான் இன்ஜின் இறுகியிருந்தது.

"இந்த மூடிய யாரு மாட்டினது?" என்றார் அண்ணன்காரர்.

கணவன் குனிந்த தலை நிமிராமல், "பேஸ்ட் போடுறது மாப்ளதான்" என்றான்.

தம்பி அவனை ஒரு பார்வை பார்த்தான். அவள்தான் முன்பக்கத்திலிருந்து எழுந்து வந்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னாரேடா. ஒரு மனுஷன் காலை உடைச்சிட்டு நிக்கிறியே."

"சரிக்கா" என்றான். கையைக் கழுவினான், சட்டையை மாற்றினான், போய்விட்டான். மறுநாள் வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

மழைக்காலம் தொடங்கியபோது, கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் அவன் பின்னால் நின்றுவிட்டாள். அவன் ஒரு மூடியை முகத்தருகே பிடித்து, கண்ணைச் சுருக்கி, விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய கேஸ்கட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, நின்ற இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. டிராயரிலிருந்து பேஸ்ட் டியூபை எடுத்து, தடிமனாக, இரண்டு சுற்றுப் பிதுக்கினான்.

"என்னங்க இது?"

டியூப் கீழே விழுந்தது. அது எங்கே விழுந்தது என்றுகூட அவனால் பார்க்க முடியவில்லை.

"எதைப் பாத்தாலும் நடுவுல கலங்கலாத் தெரியுதுடி. ரொம்ப நாளாவே. ஆயில் ஒழுகிச்சுன்னா ஊரே சொல்லிடும், இவனுக்குக் கண்ணு போச்சுன்னு. அதான்…"

"அப்ப தையல்காரர் வண்டி?"

தான் மாட்டியதுதான் என்று அவன் தலையசைத்தான்.

அன்றே தம்பிக்குப் போன் போட்டாள். எங்கோ ஜெனரேட்டர் பழுது பார்க்கும் கம்பெனியில் சேர்ந்திருந்தான்.

"தெரியுமாடா உனக்கு?"

"தெரியும்க்கா. சாயங்காலம் அவர் கிளம்பினதும் அவர் போட்ட மூடியெல்லாம் நான்தான் கழட்டி, பேஸ்ட்டை வழிச்சு மறுபடி மாட்டுவேன். அந்த வண்டி மட்டும் நான் பாகம் வாங்கப் போயிருந்தப்ப டெலிவரி ஆயிடுச்சு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா யாரு அவர்கிட்ட வண்டி விடுவாங்க? அவருக்கு வேற என்ன தெரியும்? அவர் சொன்னதுகூட பரவாயில்லக்கா. நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்."

வந்துவிடு என்று அவள் அழைத்ததற்கு, வீடு பார்த்தாயிற்று, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்றான்.

கண் டாக்டர், இது முன்னமே வந்திருக்க வேண்டிய கேஸ் என்றார். இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது போனதுதான். திரும்பும் வழியில் கணவன் தையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினான். உள்ளதைச் சொன்னான்.

தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார். கோபப்படவில்லை.

"யார் பண்ணினா என்னங்க. இந்தக் கால் இனிமே மிஷினை மிதிக்காதுன்னுட்டாங்க."

கணவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் தோளைத் தொட்டு எழுப்பினாள். வாசலில் அவனுடைய செருப்பைத் தேடி எடுத்து, காலருகே வைத்தாள்.